விளையாட்டு அரங்கத்தின் பெரிய கதவுகள்: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பேணுவது?

கேள்வி: அரங்கப் பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். கூடைப்பந்தும் இறகுப்பந்தும் ஆடப்படும் மரத்தள உள்ளரங்கம் ஒன்றின் பராமரிப்பு என் பொறுப்பில் உள்ளது. அரங்கத்தின் கூரை 9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெளித்திடலை நோக்கி 5 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் கொண்ட பெரிய வாசல் ஒன்றும், உள் நீச்சல் குளத்தை ஒட்டிய கிடங்குக்கு 3 மீட்டர் அகல வாசல் ஒன்றும் உள்ளன. இரண்டிலும் இப்போது இருப்பவை மோட்டார் பொருத்திய இரும்பு ரோலிங் ஷட்டர்கள்.

பெரிய ஷட்டரின் ஸ்பிரிங் இரண்டு ஆண்டு முடிவதற்குள் முறிந்தது. அதே அளவில் புதியது போட்டோம். அதுவும் ஏறக்குறைய அதே காலத்தில் முறிந்தது. நாங்கள் முரட்டுத்தனமாகக் கையாளுவதே காரணம் என்று கதவைப் பொருத்தியவர்கள் சொல்லிவிட்டார்கள். பந்து பட்டுப் பட்டு நடுப்பட்டைகள் உள்வாங்கி, ஷட்டர் ஏறும்போது கரகரக்கிறது. மழைக்காலத்தில் அடியில் புகும் நீரால் வாசலோரத்து மரப்பலகைகள் உப்பிவிட்டன. கிடங்கின் ஷட்டரிலோ பந்து எதுவும் படுவதில்லை. ஆனாலும் அது பெரியதைவிட வேகமாகத் துருப்பிடிக்கிறது.

இரண்டையும் மாற்றலாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. பெரிய வாசலில் வெளிச்சம் வரும்படி பாலிகார்பனேட் (ஒளிபுகும் பிளாஸ்டிக்) பலகைகள் பதித்த, கிடைப்பலகைகளைக் கீலால் கோத்து மேலேறும் செக்‌ஷனல் கதவு வேண்டும் என்பது குழுவின் விருப்பம். கதவு வாங்குவதற்கு முன் நான் எவற்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்? வாங்கிய பின் எங்கள் ஊழியர்களே செய்யக்கூடிய பராமரிப்பு எது, கைவைக்கக் கூடாதது எது?

பதில் 1: சுருள்வில்

வணக்கம் ஐயா. கதவு பொருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், வகையைப் பேசுவதற்கு முன் ஒரு கணக்கைக் கேட்கிறேன்: பெரிய வாசல் ஒரு நாளைக்கு எத்தனை முறை திறந்து மூடப்படுகிறது? கதவின் எடையைத் தாங்கும் முறுக்கு ஸ்பிரிங்கின் ஆயுள் ஆண்டுக் கணக்கில் வருவதில்லை, சுற்றுக் கணக்கில்தான் வருகிறது. ஒரு முறை திறந்து மூடினால் ஒரு சுற்று. தனியாகக் கேட்டு வாங்காவிட்டால் பொதுவாக வருவது 10,000 சுற்றுகளுக்கு வடிவமைத்த ஸ்பிரிங். காலையில் திறந்து இரவில் மூடும் கிடங்குக்கு அது இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். ஒவ்வொரு பயிற்சிக் குழுவும் வந்து போகும்போது ஏறி இறங்கும் கதவுக்கு அதே ஸ்பிரிங் மிகக் குறைந்த காலமே தாங்கும். இன்னும் தடித்த கம்பியில், அதிக நீளத்தில் சுற்றிய 25,000, 50,000, 1,00,000 சுற்று ஸ்பிரிங்குகளும் கிடைக்கின்றன. ஆகவே விலைப்பட்டியலில் சுற்று எண்ணிக்கையை எழுத்தில் கேளுங்கள். “நீடித்து உழைக்கும்” என்ற வாசகத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஸ்பிரிங்கே இல்லாமல் முழு எடையையும் மோட்டாரும் கியரும் சுமக்கும் ஷட்டர்களும் உண்டு. அவற்றில் முறிவதற்கு ஸ்பிரிங் இல்லை. ஆனால் கியர் பழுதானால் கதவு மொத்தமாகக் கீழே விழக்கூடும். அதைப் பிடித்து நிறுத்தும் விழுதடுப்புப் பிரேக் இல்லாத ஷட்டரை, சிறுவர்கள் ஓடித்திரியும் இடத்தில் ஒருபோதும் பொருத்தக் கூடாது.

பயன்பாட்டைக் கணக்கிடாமல் வாங்கும் தவறு மோட்டாரிலும் நடப்பதுண்டு. ஷட்டர் உருளைக்குள் பொருந்தும் குழாய் மோட்டார்கள் பெரும்பாலும் தொடர்ச்சியாக 4 நிமிடம் மட்டுமே ஓடக்கூடியவை. அதற்கு மேல் இயக்கினால் சூடேறித் தாமே நின்றுவிடும். ஆறும் வரை அசையாது. போட்டி நாளில் கதவு பாதியில் நின்றதாக வரும் புகார்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை, மோட்டார் கெட்டுப்போயிருக்காது. மின்சாரம் நின்றாலும் இயக்கும்படி கைச்சங்கிலி இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. விநாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 98 கிலோ எடைக்கு இணையான விசையுடன் அழுத்தும். உங்கள் வாசல் 20 சதுர மீட்டர் என்பதால், மூடிய கதவின்மீது கிட்டத்தட்ட 2 டன் சாய்ந்து நிற்பதற்கு அது சமம். அகலமான ஷட்டரில் பட்டைகள் நடுவில் வளைந்து, இரு முனைகளும் ஓரச்சட்டத்தை விட்டு வெளியே உருவிக்கொள்வது இதனால்தான். பட்டை முனைகளில் காற்றுக் கொக்கிகள் இருக்கின்றனவா, கதவு எந்தக் காற்றழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டது என்ற இரண்டையும் கேளுங்கள்.

பதில் 2: கூடத்துப் பயிற்சியாளர்

மேலே எழுதியவர் கதவைக் கதவாகப் பார்த்திருக்கிறார். ஆடுகளத்தை ஒட்டியிருக்கும்போது கதவும் ஒரு சுவர்தான் என்பதால், ஆட்டக்காரர்கள் பக்கமிருந்தும் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாலிகார்பனேட் கதவை நான் எதிர்க்கிறேன், குறைந்தபட்சம் இறகுப்பந்துக் களத்தின் முனையில். வெளிச்சமான பின்னணியில் வெள்ளை இறகுப்பந்து கண்ணுக்குத் தெரியாது. காலையிலோ மாலையிலோ சூரியன் நேராக விழும் திசையில் கதவு இருந்தால் ஆட்டமே நின்றுவிடும். எங்கள் கூடத்தில் அழகுக்காக வைத்த ஒளிபுகும் கதவுக்கு ஆறே மாதத்தில் கறுப்புத் திரை வாங்கித் தொங்கவிட்டோம். வெளிச்சம் வேண்டுமென்றால் மேல்வரிசைப் பலகைகளில் மட்டும், அதுவும் ஒளியைச் சிதறடிக்கும் பால் நிறத்தில் வையுங்கள். வெயிலில் மஞ்சளாகாமல் இருக்க, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு வெளிப்பக்கம் இருப்பது அவசியம்.

இறகுப்பந்து 5 கிராம் எடையே உள்ள பொருள். கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, வெளியே காற்றும் அடித்தால், பின்கோட்டுக்குப் போக வேண்டியது வேறெங்கோ போய் விழும். அடியில் தடித்த ரப்பரும், இரு ஓரங்களிலும் தூரிகைப் பட்டையும் கேளுங்கள். மழைநீர் புகுவதும் பெருமளவு குறையும். ஆனால் தரை வெளியிலிருந்து உள்நோக்கிச் சரிந்திருந்தால் எந்த ரப்பரும் நீரைத் தடுக்காது. வாசலுக்கு வெளியே கம்பிச்சட்டம் மூடிய வடிகால் ஒன்றை வெட்டுங்கள்.

பந்து அடிபடுவதற்குச் சோதனை முறையே இருக்கிறது. உள்ளரங்கச் சுவர், கூரை, கதவு போன்றவற்றில் எறிபந்தையும் (ஹேண்ட்பால்) ஹாக்கிப் பந்தையும் எந்திரத்தால் எறிந்து பார்க்கும் டின் 18032-3 என்ற ஜெர்மானியத் தரநிலை அது. தேறிய கதவு கிடைக்காவிட்டால், கதவுக்கு ஒரு மீட்டர் முன்னால் தளர்வாக ஒரு வலையைத் தொங்கவிடுங்கள். 600 கிராம் கூடைப்பந்தை அது எளிதாக வாங்கிக்கொள்ளும். வலை பட்டையைத் தொடாத தூரத்தில் இருப்பதுதான் முக்கியம்.

இன்னொன்று: ஓரச்சட்டங்கள் சுவரைவிட முன்னால் துருத்தி நிற்கும். வேகமாக ஓடி வருபவரின் தோள் இடிக்கும் உயரம் அதுதான். இரண்டு மீட்டர் உயரம் வரை பஞ்சு மெத்தை கட்டாமல் கூடத்தைத் திறக்க வேண்டாம். சட்டத்தை வளைப்பது பந்தாக இருக்காது, பெரும்பாலும் வலைக்கம்பங்களை ஏற்றிவரும் தள்ளுவண்டியாகத்தான் இருக்கும். வாசலின் இருபுறமும் இரும்புக் குட்டைத்தூண் நட்டால் பாதிப் பழுது குறையும்.

பதில் 3: குளத்துக் காவலன்

கிடங்கின் ஷட்டர் ஏன் வேகமாகத் துருப்பிடிக்கிறது என்பதற்கு விடை அந்தக் காற்றில்தான் இருக்கிறது. குளத்து நீரில் உள்ள குளோரின், குளிப்பவர்களின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமைன்களாகிக் காற்றில் கலக்கிறது. ஈரத்தோடு அது படியும் இடத்தில் துத்தநாகப் பூச்சு விரைவில் கரைகிறது. கிடங்கில் குளத்துக்கான அமிலக் கேன்களையும் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். மூடிய கேனிலிருந்தும் கசியும் ஆவி எந்த இரும்பையும் விட்டுவைக்காது. (அமிலத்தையும் குளோரின் மருந்தையும் ஒரே அறையில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.)

துருப்பிடிக்காத எஃகைப் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், எச்சரிக்கையாக இருங்கள். 1985-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் உஸ்டர் நகரத்தில் உள் நீச்சல் குளத்தின் காங்கிரீட் உட்கூரை இடிந்து விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கியிருந்த துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், குளோரைடு படிந்த நிலையில் இழுவிசையைச் சுமந்தபடியே உள்ளுக்குள் விரிசல் விட்டு அறுந்தன. வெளிப்பார்வைக்குப் பெரிதாக எதுவும் தெரியாமலே இவ்வகை விரிசல் வளரக்கூடும். கதவின் ஸ்பிரிங்கும் அதைத் தூக்கும் கேபிளும் எப்போதும் இழுவிசையில் இருப்பவை என்பதை நினைத்துப் பாருங்கள். வழக்கமான 304, 316 ரகங்கள் இந்தக் காற்றில் சுமை தாங்கும் உறுப்புகளுக்கு நம்பத்தக்கவை அல்ல.

என் பரிந்துரை: அந்த வாசலுக்கு ஸ்பிரிங் இல்லாத, மேற்பூச்சிட்ட அலுமினியப் பட்டை ஷட்டர் போதும். மோட்டாரும் விழுதடுப்புப் பிரேக்கும் குளத்துக் காற்று படாத பக்கத்தில் இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரால் பட்டைகளையும் ஓரச்சட்டத்தையும் கழுவித் துடையுங்கள்.

கேள்வி கேட்டவர்: அரங்கப் பொறுப்பாளர்

மூவருக்கும் நன்றி. ஒரு வாரம் காவலரிடம் சொல்லிக் கோடு போட்டு எண்ணச் சொன்னேன். சராசரி நாளைக்கு 14 சுற்று வருகிறது. 10,000-ஐ அதனால் வகுத்தால் 714 நாள். இரண்டு முறையும் இரண்டு ஆண்டு முடிவதற்குள் ஸ்பிரிங் முறிந்ததற்கு விளக்கம் கிடைத்துவிட்டது. முரட்டுத்தனம் என்ற குற்றச்சாட்டை இனி ஏற்கப் போவதில்லை. அமிலக் கேன்கள் அந்தக் கிடங்கில்தான் இருந்தன. இன்றே வேறிடத்துக்கு மாற்றிவிட்டோம். பெரிய வாசலுக்குச் செக்‌ஷனல் கதவு போடலாமா, ஷட்டரே போதுமா என்பதில் மட்டும் தெளிவு வேண்டும். ஊழியர்கள் எதைச் செய்யலாம் என்ற கேள்விக்கும் விடை கொடுத்தால் உதவியாக இருக்கும்.

பதில் 4: சுருள்வில்

அந்தச் சுற்று எண்ணிக்கைக்கு 50,000 சுற்று ஸ்பிரிங் கேளுங்கள். கணக்குப்படி ஒன்பது ஆண்டுக்கு மேல் வரும்.

செக்‌ஷனல் கதவு போடலாம், ஆனால் சாதாரண அமைப்பில் வேண்டாம். அதில் கதவு மேலேறியதும் தண்டவாளம் கூரைக்கு இணையாக உள்ளே திரும்பி, 4 மீட்டர் உயரத்தில் ஆடுகளத்தின் தலைக்கு மேல் நீளும். பந்து அதில் போய்ச் சிக்கும். உங்களுக்கு வாசலுக்கு மேல் 5 மீட்டர் சுவர் இருக்கிறது. அதனால் பலகைகள் வளையாமல் சுவரோடு நேராக ஏறும் செங்குத்து ஏற்ற அமைப்பைக் கேளுங்கள். பலகை பலகையாக இருப்பதால் அடிபட்ட ஒன்றை மட்டும் கழற்றி மாற்றவும் முடியும். ஷட்டரில் நடுப்பட்டையை மாற்றுவது பெரிய வேலை. ஒளிபுகும் பலகைகளைப் பற்றிப் பயிற்சியாளர் சொன்னதையே நானும் சொல்வேன்.

ஊழியர்கள் செய்யக்கூடியவை: மாதம் ஒரு முறை தண்டவாளத்தைத் துணியால் துடைப்பது, ரோலர் தாங்கிகளுக்கும் கீல்களுக்கும் ஸ்பிரிங் சுருளுக்கும் இலகுவான எண்ணெய் இடுவது, ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது. தண்டவாளத்துக்குள் கிரீஸ் பூச வேண்டாம், அது தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கதவை முழுதாக மூடிய நிலையில் மோட்டார் இணைப்பைக் கழற்றி, கையால் இடுப்பளவு தூக்கி விட்டுப் பாருங்கள். சமநிலையில் உள்ள கதவு அங்கேயே நிற்கும். கீழே இறங்கினாலோ மேலே ஓடினாலோ ஸ்பிரிங்கின் முறுக்கு மாறியிருக்கிறது என்று பொருள். திருப்பி இணைத்துவிட்டு, இயக்காமல் எங்களைப் போன்றவர்களை அழையுங்கள். வாரம் ஒரு முறை, கதவு இறங்கும்போது ஒளிக்கண்ணின் (குறுக்கே எதுவும் வந்தால் கதவை நிறுத்தும் உணரியின்) குறுக்கே ஒரு பந்தை உருட்டிப் பாருங்கள். கதவு நின்று மேலே திரும்ப வேண்டும். ஒளிக்கண் தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் இல்லாமல் இருக்கட்டும். உயரத்தில் வைத்தால் தரையில் குனிந்து பந்தெடுக்கும் பிள்ளையை அது பார்க்காது.

கைவைக்கக் கூடாதவை: ஸ்பிரிங் (எண்ணெய் இடுவது தவிர), அதன் முனைத் திருகுகள், கேபிள், கதவின் அடிமூலையில் கேபிள் மாட்டியிருக்கும் இரும்புத் தகடு. அந்தத் தகட்டின் திருகைக் கழற்றினால் ஸ்பிரிங்கின் முழு விசையும் கையில் வந்து விழும். எங்கள் தொழிலில் விரல் போனவர்கள் உண்டு. அந்தத் தகட்டின் திருகுகளுக்குச் சிவப்புச் சாயம் பூசி வைத்துவிடுங்கள். ஸ்பேனரோடு வரும் புது ஊழியருக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் தேவைப்படாது.