'டெரிட்டோரியல் ஃபோர்ஸ்' தமிழில்: வட்டாரப் படையா, நாட்டுப்படையா?

மடல் 1

வணக்கம். முதல் உலகப் போரில் போரிட்ட பிரிட்டிஷ் 42ஆவது கிழக்கு லங்காஷயர் டிவிஷனின் வரலாற்றுக் கட்டுரைக்குச் சொற்கள் வேண்டும். முதல் சிக்கல் 'டெரிட்டோரியல் ஃபோர்ஸ்', அதாவது வேறு வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெற்றவர்களின் பிரிட்டிஷ் படை. 'பகுதிநேரப் படை' என்பது என் முன்மொழிவு. விகன் சுரங்கத்திலும் ஓல்டம் நூற்பாலையிலும் வேலை பார்த்தவர்கள் மாலையில் பயிற்சிக் கூடத்துக்கு வந்தார்கள். ஆண்டுக்கொரு முகாம், 15 நாள் வரை. ஒப்பந்தம் நான்கு ஆண்டு. படித்ததுமே புரிந்துவிடும்.

– ப.

மடல் 2

ப. ஐயா,

> பகுதிநேரப் படை

இது 1914 ஆகஸ்ட் 4 வரைதான் பொருந்தும். திரட்டல் ஆணை வந்தபின் அவர்கள் முழுநேரச் சிப்பாய்கள். செப்டம்பர் 10இல் சவுத்தாம்ப்டனில் கப்பலேறினார்கள். கடல் கடந்து அனுப்பப்பட்ட முதல் டெரிட்டோரியல் டிவிஷன் இதுவே. எகிப்தில் சில மாதம் இருந்துவிட்டு 1915 மே மாதம் துருக்கியின் கலிப்பொலியில் இறங்கியது. அங்கே ஜூன் 4இல் நடந்த க்ரித்தியா மூன்றாம் சண்டையில் 'பகுதிநேரப் படை தாக்கியது' என்று எழுத முடியுமா?

இலங்கையில் வழங்கும் 'தொண்டர் படை' நல்ல சொல்தான். ஆனால் 1908க்கு முன்பிருந்த வாலண்டியர் ஃபோர்ஸுக்கு அது வேண்டும். போர் அமைச்சர் ஹால்டேனின் 1907ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தொண்டர் படையையும் யோமன்ரி குதிரைப்படையையும் சேர்த்துத்தான் 1908 ஏப்ரல் 1 முதல் இந்தப் புதிய அமைப்பை உண்டாக்கியது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் சட்டம் எதை மாற்றியது என்பதே மறைந்துபோகும். போர் அமைச்சர் கிச்சனர் 1914இல் திரட்டிய புதிய சேனையினரும் தொண்டர்களே. 'சேமப்படை' ரிசர்வுக்கு உரியது, 'ஊர்க்காவல் படை' 1940இன் ஹோம் கார்டுக்கு.

– ச.

மடல் 3

'டெரிட்டோரியல்' என்பதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, ஆளெடுப்பு கவுண்டிவாரியாக (கவுண்டி நம் மாவட்டம் போன்றது) நடந்தது; கட்டடம், சீருடை, தளவாடம் எல்லாம் கவுண்டிச் சங்கத்தின் பொறுப்பு, பயிற்சியும் தலைமையும் போர் அலுவலகத்தின் கையில். இரண்டு, பணிக்கடமை உள்நாட்டோடு முடிந்தது. வெளிநாடு போகத் தனியே கையெழுத்திட வேண்டும். இதைக் 'கடல்கடந்த பணி ஒப்பம்' எனலாம்.

இவ்விரண்டையும் தாங்கும் சொல் நம்மிடமே இருக்கிறது. குறளின் படைமாட்சி அதிகாரத்துக்குப் பரிமேலழகர் சொல்லும் அறுவகைப் படையைப் பாருங்கள்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. சோழர் கல்வெட்டுகளில் 'நாடு' என்பது வளநாட்டுக்குள் அடங்கும் ஊர்த்தொகுதி. கவுண்டியோடு ஒப்பிடத் தக்க அலகு. ஆகவே 'நாட்டுப்படை'.

– இரா.

மடல் 4

இரா. ஐயாவின் வேர் சரி. அந்தப் பொருளில் இச்சொல் மீள வேண்டும் என்ற விருப்பம் எனக்கும் உண்டு. ஆனால் இன்றைய வாசகருக்கு 'பிரிட்டனின் நாட்டுப்படை' என்றால் அந்நாட்டின் நிலைப்படைதான் நினைவுக்கு வரும். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். 'நாட்டுத் துப்பாக்கி', 'நாட்டு வெடிகுண்டு' என்ற வழக்குகளும் குறுக்கே நிற்கின்றன. இப்படைக்கு நீள லீ-என்ஃபீல்டு துப்பாக்கியும் 15 பவுண்டர் பீரங்கியும் என்ற பழைய ஆயுதங்களே கிடைத்தன. அதைச் சொல்லும் பத்தியில் 'நாட்டு' என்ற முன்னொட்டு தவறான பொருளைத் தந்துவிடும்.

இந்தியாவின் டெரிட்டோரியல் ஆர்மியை நாளிதழ்கள் 'பிராந்திய ராணுவம்' என்கின்றன. பிராந்தியம் மிகப் பெரிது. தெற்காசியாவையும் பிராந்தியம் என்கிறோம். 'வட்டாரப் படை' என்றால் பரி நகரிலிருந்து 5ஆம் லங்காஷயர் ஃபியூசிலியர்ஸ் பட்டாலியன், பர்ன்லியிலிருந்து 5ஆம் கிழக்கு லங்காஷயர் பட்டாலியன் என்ற ஊர்ப்பற்று அப்படியே வரும். 1921இல் பெயர் 'டெரிட்டோரியல் ஆர்மி' ஆனபின் 'வட்டாரச் சேனை'. படையும் சேனையும் ஆண்டைக் காட்டிவிடும்.

– மீ.

மடல் 5

மீ. அம்மாவின் 'வட்டாரப் படை'க்கு என் ஒப்புதல். இரா. ஐயாவின் 'கடல்கடந்த பணி ஒப்பம்' அப்படியே இருக்கட்டும்.

இன்னொரு இடறல்: ஒப்பமிடாதவர்களையும் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்து இரண்டாவது டிவிஷன் ஒன்று எழுந்தது, பின்னாளில் 66ஆவது. ஆங்கிலத்தில் 'செகண்ட் லைன்' எனப்படும் இதை 'இரண்டாம் வரிசை' என்று பெயர்த்தால் போர்முனையின் பின்வரிசை என்று படிப்பார்கள். 'முதற்கிளை, இரண்டாம் கிளை' நல்லது; மேலிரண்டுக்கும் மாற்று ஆட்களை அனுப்பியது மூன்றாம் கிளை. மூலத்தில் '1/7' என்றிருப்பதை அப்படியே விட்டால் ஏழில் ஒரு பங்கு என்றாகும். '7ஆம் மான்செஸ்டர் பட்டாலியன், முதற்கிளை' என்று விரித்தெழுதுங்கள்.

எண்களிலும் கவனம் வேண்டும். 42 என்ற எண் 1915 மே மாதம்தான் வந்தது. அதற்கு முந்தைய எகிப்து மாதங்களைச் சொல்லும் பத்திகளில் 'கிழக்கு லங்காஷயர் டிவிஷன்' என்றே இருக்க வேண்டும். டிவிஷனின் உட்பிரிவான மான்செஸ்டர் பிரிகேடு 127ஆவது ஆனதும் அப்போதுதான். 1918 பிப்ரவரியில் பிரிகேடுக்கு நான்கு பட்டாலியன் என்பது மூன்றாகக் குறைந்தது. 8ஆம் மான்செஸ்டர் 127இலிருந்து 126க்குப் போனது. பட்டாலியன் அட்டவணையை அந்த மாதத்தோடு இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

– ச.