தம்பிக்கு சியாபு (மெத்தம்பெட்டமின் போதைப்பொருள்) பழக்கம்: வேலைக்குப் போய்க்கொண்டே சிகிச்சை எடுக்க பினாங்கில் எங்கே?

வணக்கம். பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். தம்பிக்கு 27 வயது, தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். மூன்று வருடமாக சியாபு. ஊசி இல்லை, புகைதான். போன மாதம், யாரோ பின்தொடர்கிறார்கள் என்று ஜன்னலையெல்லாம் அட்டை வைத்து அடைத்துவிட்டான். இப்போது 19 நாளாகத் தொடவில்லை, ஆனால் சதா தூக்கம், எரிச்சல்.

நேர்த்திக்கடன், ஜொகூரில் மாமா வீட்டில் இரண்டு மாதம், எல்லாம் பார்த்தாச்சு. கிளினிக்கில் மெத்தடோன் மருந்து கேட்டேன், அது ஹெராயின் பழக்கத்துக்குத்தானாம். படித்ததில் இரண்டு தேறியது: 16 வாரம் குழுவாக நடக்கும் மேட்ரிக்ஸ் முறை, சிறுநீர்ச் சோதனை சுத்தமாக வந்தால் வவுச்சர் தரும் முறை. இரண்டாவதற்குத்தான் ஆய்வுச் சான்று வலுவாக இருக்கிறது. அம்மாவுக்கோ, "காசு கொடுத்தா திருத்துறது?" என்று கோபம்.

வேலையை விட முடியாது, தங்கும் மையம் சரிவராது. இந்த இரண்டில் ஒன்றைப் பகல் நேரத்தில் வெளிநோயாளியாகத் தரும் இடம் பினாங்கில் யாருக்காவது தெரியுமா?