பேரரசி அலெக்சாண்ட்ரா தோழிக்கு எழுதிய கடிதங்கள்: நோயா, பாசாங்கா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
வணக்கம். எங்கள் கோயில் மாதர் குழுவில் மாதம் ஒருவர் வரலாற்றுப் பெண் ஒருவரைப் பற்றிப் பேசுவது வழக்கம். இம்மாதம் என் முறை. ரஷ்யாவின் கடைசிப் பேரரசி அலெக்சாண்ட்ராவைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். 1917 புரட்சிக்குப் பின் காவலில் இருந்தபோது அவர் தம் தோழி அன்னா விரூபோவாவுக்கு எழுதிய கடிதங்களை, அன்னா 1923இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பு நூலில் சேர்த்திருக்கிறார். அவற்றைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனால் குழுவில் சிலர், "அரண்மனையில் உட்கார்ந்துகொண்டு நெஞ்சுவலி, கால்வலி என்று படுத்துக் கிடந்தவர்தானே, எல்லாம் பாசாங்கு" என்கிறார்கள். அப்படித் தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
அக்கா, சயாட்டிகா என்னும் இடுப்பு நரம்பு வலி அவருக்கு இளவயதிலேயே இருந்தது. பின்னாளில் சக்கர நாற்காலியும் தேவைப்பட்டது. 1910இல் ஜெர்மனியின் நௌஹைம் ஊற்றுநீர்ச் சிகிச்சைக்குப் போனார். போர்க்காலத்தில் கணவர் ஜாருக்கு எழுதிய கடிதங்களில், இதயம் எந்த அளவு பெருத்திருக்கிறது என்று எண் போட்டே குறிப்பிடுவார். இதயம் உண்மையிலேயே பெருத்திருந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அவர் வேதனைப்பட்டதில் ஐயமில்லை.

பதில் (இசிப்பிங்கோ, ஓய்வுபெற்ற செவிலியர்):
அம்மா, நான் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள். பேரரசியின் மகன் அலெக்ஸிக்கு ஹீமோஃபிலியா, அதாவது இரத்தம் எளிதில் உறையாத பரம்பரை நோய். அந்த நோயுள்ள பையனுக்கு முழங்காலுக்குள் இரத்தம் கசிந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? மூட்டு உருண்டு திரண்டு, தோல் இறுகிப் பளபளக்கும், தொட்டால் சுடும். காலை மடக்கியே வைத்திருப்பான், போர்வை உரசினாலும் அலறுவான். கட்டிலோரத்துத் தாய் கண்ணிமைக்க மாட்டாள். இன்று இரத்தம் உறைய உதவும் காரணியை ஊசி வழியே ஏற்றுகிறோம். 1912இல் போலந்தின் ஸ்பாலாவில் அலெக்ஸி சாகக் கிடந்தபோது அப்படி எதுவும் கிடையாது.

அலெக்சாண்ட்ராவுக்கு இந்த நோய் புதிதன்று. அவருடைய அண்ணன் ஒருவன் 1873இல், ஜன்னலிலிருந்து விழுந்து இரத்தம் நிற்காமல், இரண்டு வயதில் இறந்தான். அக்கா ஐரீனின் மகன் 1904 பிப்ரவரியில் நான்கு வயதில் போனான். அதே ஆண்டு ஆகஸ்டில் அலெக்ஸி பிறந்தான். சில வாரங்களில் தொப்புளிலிருந்து இரத்தம் கசிந்தது. அது தம் வழியாக வந்தது என்பது தெரிந்தும், நாட்டு மக்களிடம் சொல்ல முடியாத நிலை. ஒளிவுமறைவின்றிப் பேச அவருக்கு வாய்த்த வெகு சிலரில் அன்னாவும் ஒருவர். ஒன்பது ஆண்டுகளில் ஐந்து பிரசவம், அதன்மேல் இந்தக் கவலை. படபடப்பு வராமல் என்ன செய்யும்? பாசாங்கு என்பவர்கள் ஓர் இரவு வார்டில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

மகனைக் காப்பார் என்று ரஸ்புடின் என்னும் சாமியாரை நம்பி ஆட்சியில் தலையிட்டது பெருந்தவறு, அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் 1914இல் இதே பேரரசி மூத்த மகள்கள் இருவருடனும் அன்னாவுடனும் செவிலியர் பயிற்சி பெற்று, அறுவைச் சிகிச்சை அறையில் நின்றவர். அன்னாவோ 1915 ஜனவரி ரயில் விபத்தில் கால் நொறுங்கி, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாதவர். வலி அறிந்த இருவருக்கிடையே ஓடிய கடிதங்கள் இவை.

1917 டிசம்பரில், அவர்கள் காவலில் இருந்த சைபீரிய ஊரான தொபோல்ஸ்கிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். மகனுக்குக் காலுறை பின்னுவதையும், கணவரின் கால்சட்டை ஒட்டுப் போட்டதாக இருப்பதையும், மகள்களின் உள்ளாடை கந்தலானதையும், தம் தலை நரைத்துப்போனதையும் எழுதுகிறார். வேலைக்காரர்கள் சூழ இருந்தவர் தாமே ஊசி பிடித்துத் தைக்கிறார்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, அம்மா. காலுறைக் கடிதத்தையே வைத்துக்கொள்கிறேன். கூட்டத்தில் உங்களை இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் வருவீர்களா? தாய்க்கு இல்லாத நோய் மகனுக்கு எப்படி வந்தது என்று கட்டாயம் கேட்பார்கள்.

பதில் (இசிப்பிங்கோ):
வருகிறேன். அது ஹீமோஃபிலியா பி வகை என்று 2009இல் எலும்புகளின் மரபணுச் சோதனையில் தெரிந்தது. தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக மகனுக்கு வருவது. தாய்க்கு ஒன்றுமே இராது என்றும் சொல்லிவிட முடியாது. மரபணுவைச் சுமக்கும் பெண்களில் சிலருக்கு மாதவிலக்கிலும் பிரசவத்திலும் இரத்தப்போக்கு அளவுக்கு மிஞ்சும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால், வெட்கப்படாமல் பரிசோதித்துக்கொள்ளச் சொல்வேன். அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.