மறு: பியர்க் கலைச்சொற்கள் – 'கண்டிசனிங்'

வணக்கம்.

ரொறன்ரோ நண்பர் தமிழாக்கும், வீட்டில் பியர் காய்ச்சும் கையேட்டில் 'கண்டிசனிங்' (முதல் நொதித்தலுக்குப் பிறகு பியரைக் குடிக்கும் பதத்துக்குக் கொண்டுவரும் கட்டம்) என்பதற்குப் 'பதப்படுத்தல்' போதும் என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மீனுக்கு உப்பிட்டுக் கருவாடாக்குவது பதப்படுத்தல். நம்மூரில் பனையில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கருப்பநீர் (பதநீர்) இறக்குவதும் அதுதான். சுண்ணாம்பு நொதித்தலைத் தடுத்துவிடுகிறது. பீப்பாவுக்குள் நடப்பதோ நேர்மாறு. முதல் நொதித்தல் முடிந்த பிறகும் மதுவம் (ஈஸ்ட்) அங்கே உயிரோடு வேலை செய்கிறது. வெண்ணெய் வாடை தரும் டைஅசற்றைலையும் பச்சை அப்பிள் மணம் தரும் அசற்றல்டிகைட்டையும் தானே திரும்ப உள்ளெடுத்து மாற்றிவிடுகிறது. கொஞ்சம் சீனி சேர்த்து இறுக மூடினால் காபனீரொட்சைட்டையும் அதுவே தரும். அப்புறம் மெல்ல அடியில் படியும், பியர் தெளியும்.

இத்தனைக்கும் பொருந்துகிற வினை நம்மிடம் இருக்கிறது: தேறு. தெளிந்த கள்ளுக்குச் சங்கப் பாடல்களில் 'தேறல்' என்றே பெயர். கலங்கிய தண்ணீரைத் தெளியவைப்பது தேற்றாங்கொட்டை. காய்ச்சலில் கிடந்தவரைக் கேட்டால் 'தேறி வாறார்' என்கிறோம். ஆகவே பியர் தானாகத் தேறுகிறது. நாம் செய்வது தேற்றல். தேறாத பியர், போத்தல் தேற்றல், பீப்பாத் தேற்றல், குளிர்த் தேற்றல் என்று சொற்கள் சிரமமில்லாமல் பிறக்கின்றன. 'பக்குவப்படுத்தல்' என்று வைத்தாலும் இப்படிக் கிளைக்காது.

தேற்றல் என்றால் ஆறுதல் சொல்வதல்லவா என்று கேட்கலாம். பீப்பாவைப் பற்றிய பக்கத்தில் யாரும் அப்படிப் படிக்கமாட்டார்கள். 'தேற்றம்' என்று மட்டும் எழுதவேண்டாம், அது கணிதத்துக்குப் போய்விட்டது.

கையேட்டில் இன்னும் இரண்டு விடயங்கள் இதனோடு கலந்து கிடக்கின்றன. மாதக்கணக்கில் வைத்திருப்பதை 'முதிர்வு' என்று தனியே பிரிக்கவேண்டும். எல்லா பியருக்கும் தேற்றல் தேவை. முதிர்வு பெரும்பாலும் மதுசாரம் கூடிய, அடர்ந்த வகைகளுக்குத்தான் நல்லது. ஹொப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணத்துக்காகவே காய்ச்சிய பியரை அப்படி வைத்திருந்தால் அந்த மணம் போய்விடும். அடுத்தது, உருளையிலிருந்து காபனீரொட்சைட்டு வாயுவைப் பியருக்குள் செலுத்துவது. 3, 4 பாகை செல்சியசில் சதுர அங்குலத்துக்கு 10 முதல் 12 இறாத்தல் அமுக்கம் கொடுத்து ஒன்றிரண்டு வாரம் விட்டால் நுரை வந்துவிடும். ஆனால் நுரை வந்ததாலேயே பியர் தேறிவிட்டது என்று ஆகாது. இதற்கு 'வாயுவேற்றல்' சரி. ஆங்கில மூலம் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் சொன்னாலும், தமிழில் வாக்கியத்தைப் பார்த்துப் பிரித்து எழுதுங்கள்.

'கெக்' என்பதற்குப் 'பீப்பா' என்று எழுதினால் மரம்தான் நினைவுக்கு வரும், 19 லீற்றர் உருக்குக் கலத்துக்கு அது பொருந்தாது என்ற மறுப்பையும் பார்த்தேன். தார்ப் பீப்பா தகரம்தானே? அதை யாரும் மரமென்று நினைப்பதில்லை. பீப்பாவே இருக்கட்டும்.

வாயுவேற்றல் அத்தியாயத்தை நண்பர் இங்கே போட்டால், இந்தச் சொற்களை வரிவரியாகப் பொருத்திப் பார்த்து எழுதுகிறேன்.