பப்ளிக் ஹெல்த் ஆன்லைன் கோர்ஸ்ல டிஏவா இருந்தப்போ மறக்க முடியாத ஒரு அக்கா

எபிடெமியாலஜி, அதாவது ஜனங்க மத்தியில நோய் எப்படிப் பரவுதுன்னு படிக்கற கோர்ஸ்ல, ரெண்டு பேட்ச்சுக்கு டிஏவா (டீச்சிங் அசிஸ்டன்ட்) இருந்தேன். அசைன்மென்ட் திருத்துறது, டெட்லைன் தள்ளிக் கேக்குறவங்களுக்கு பதில் போடுறது எல்லாம் பழகிடும். மறக்க முடியாதது ஒரு கிராம சுகாதார செவிலியர் அக்காதான். பகல் பூரா ஃபீல்டு, ராத்திரி புள்ளைங்க தூங்குனப்புறம் போன்லதான் கிளாஸ் பாப்பாங்க.

ஸ்கிரீனிங் டெஸ்ட் (அறிகுறி இல்லாதவங்களுக்கும் நோய் இருக்கான்னு பாக்கறது) பாடத்துல அக்காவுக்கு ரெண்டு தடவ க்விஸ் போச்சு. "மேம், டெஸ்ட் 90 சதவீதம் சரின்னா, நூறு பேருக்கு பாசிட்டிவ் வந்தா 90 பேருக்கு நோய் இருக்கணும்ல?"ன்னு கேட்டாங்க. நான் சென்சிட்டிவிட்டி (நோய் இருக்கறவங்கள எவ்வளவு சரியா புடிக்குது), ஸ்பெசிஃபிசிட்டி (நோய் இல்லாதவங்கள எவ்வளவு சரியா இல்லன்னு சொல்லுது)ன்னு ஃபார்முலாவயே திரும்பத் திரும்ப சொல்றேன், அவங்களும் சரிங்க மேம் சரிங்க மேம்னு சொல்றாங்க, புரியலன்னு குரல்லயே தெரியுது. அப்புறம்தான், நோட்டு எடுங்கக்கா, உங்க ஏரியால 1000 பேர், நூத்துல ஒருத்தருக்கு நோய்னு வச்சுக்குவோம்னேன். 10 பேருக்கு நோய், அதுல 9 பேர டெஸ்ட் புடிச்சிடும். மிச்சம் 990 பேர் நல்லா இருக்கறவங்க, அவங்கள்ல பத்துல ஒருத்தருக்குத் தப்பா பாசிட்டிவ் காட்டும், அது 99. ஆக 108 பாசிட்டிவ், நெசமா நோய் 9 பேருக்குத்தான்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, நெட் போயிடுச்சோன்னு நெனச்சேன். "இதாலதானா மேம், கேம்ப்ல பாத்து அனுப்புன ஆளுங்க, பெரியாஸ்பத்திரில ஒண்ணுமில்லன்னுட்டாங்கன்னு வந்து என்கிட்ட சண்ட போடுறாங்க? நான்தான் டெஸ்ட்ட தப்பா பண்றேன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்"னாங்க. எனக்குத் தொண்ட அடச்சிடுச்சு. அதோட விடல, நூத்துல 20 பேருக்கு நோய் இருக்கற எடமா பாத்து டெஸ்ட் பண்ணா என்ன ஆகும்னு அவங்களே கணக்குப் போட்டாங்க, அதே 1000 பேர்ல 260 பாசிட்டிவ், அதுல 180 நெசம். அடுத்த வாரப் பாடமே அதுதான், நான் இன்னும் நடத்தவே இல்ல!

ரெண்டாவது பேட்ச்ல 1000 பேர்லேருந்துதான் ஆரம்பிச்சேன், ஃபார்முலா ஸ்லைடு கடைசிக்குப் போயிடுச்சு.

பதில்:
இதப் படிச்சதும் எனக்கும் ஒருத்தர் ஞாபகம் வந்துட்டாரு. நானும் டிஏதான், 1854 லண்டன் காலரா பாடம். ஜான் ஸ்னோங்கற டாக்டர் சொல்லி ப்ராட் ஸ்ட்ரீட் தண்ணி பம்போட கைப்பிடிய கழட்டுனதும் காலரா நின்னுச்சுன்னு நோட்ஸ்ல எழுதியிருந்தேன். முனிசிபாலிட்டில தண்ணி சப்ளை பாக்குற ஒரு ஸ்டூடண்ட், தேதிவாரியா சாவு கணக்கப் பாத்துட்டு, "கழட்டுனது செப்டம்பர் 8, அதுக்கு முன்னாடியே கொறஞ்சிடுச்சே"ன்னாரு. உண்மதான், ஜனங்க பயந்து ஏரியாவ விட்டே கெளம்பிட்டாங்க, ஸ்னோவே அத எழுதியிருக்காரு. அப்போ பம்புதான் காரணம்னு எப்படி சொல்றீங்கன்னு அடுத்த கேள்வி. அதே தெருவுல பீர் ஆலையில 70 பேருக்கு மேல வேல பாத்தாங்க, காலராவுல ஒருத்தரும் சாகல, அவங்க அந்த பம்பு தண்ணிய குடிக்கறதே இல்லன்னு சொன்னப்புறம்தான் ஒத்துக்கிட்டாரு. நோட்ஸ அன்னிக்கு ராத்திரியே திருத்திட்டேன்.