நீலப்புகை வந்தால் உடனே டர்போவை மாற்ற வேண்டுமா?

வைகைக்கரை:
வண்டி 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்‌ஷன். கொடைக்கானல் போய்வந்ததிலிருந்து ஆயில் குறைகிறது. மலை இறக்கத்தில் கியரிலேயே வந்து, வத்தலக்குண்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்னால் குப்பென்று நீலப்புகை. ஐடிலில் மெல்லிய விசில். செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேன் செய்தால் பி0171. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸுக்குள் ஆயில் ஈரம் இருக்கிறது. பட்டறையில் டர்போ போய்விட்டது என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பட்டறைப்பாண்டி:
தம்பி, ஹோஸில் ஆயில் வந்தால் டர்போ சீல் போச்சு என்று அர்த்தம். விசிலும் அதற்குத்தான் சாட்சி. தள்ளிப்போட்டால் டர்போவுக்குள் சுழலும் வீல் உடைந்து துண்டு உள்ளே போகும், அப்புறம் எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கும்.

அளந்துபார்:
அண்ணே, கொஞ்சம் பொறுங்க. விசில் ஐடிலில் வருகிறது என்று எழுதியிருக்கிறார். ஐடிலில் டர்போ பூஸ்ட் கொடுப்பதே இல்லை, அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவதே இல்லை. பி0171 என்பது கலவையில் பெட்ரோல் குறைவு என்ற கோடு. கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது. டர்போ ஆயில் கசிந்தால் அந்தக் கோடு ஏன் வர வேண்டும்?

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே கிராங்க்கேஸுக்குள், அதாவது கிராங்க் சுழலும் அடிப்பகுதிக்குள் இறங்கும், புது எஞ்சினிலும்தான். அதை வெளியே எடுக்க டர்போ பெட்ரோல் வண்டியில் இரண்டு வழி உண்டு. ஐடிலில் இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) வெற்றிடம் இருப்பதால், இந்த வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு வழியாக அங்கே போய்விடும். பூஸ்ட் ஏறியதும் மேனிஃபோல்டு தள்ள ஆரம்பிக்கும். அப்போது ஒன்-வே வால்வு அந்த வழியை அடைத்துவிட, வாயு டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாய்க்குப் போகும். போகும்போது ஆயில் ஆவியையும் கூட்டிக்கொண்டு போவதால் இன்டர்கூலர் ஹோஸில் ஈரம் இருப்பது சகஜம். வழிந்து தேங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

இவர் வண்டியில் பிசிவி வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு, அதாவது டயாஃப்ரம், கிழிந்திருக்கும் என்பது என் கணிப்பு. கிழிசல் வழியாக வெளிக்காற்று இழுபடும்போது விசில் வரும், பி0171 வரும். இறக்கத்தில் கியரில் வரும்போது வெற்றிடம் உச்சத்தில் இருக்கும், ஆயிலையும் சேர்த்து இழுக்கும். மிதித்ததும் அது எரிந்து புகையாக வருகிறது.

பட்டறைப்பாண்டி:
இறக்கத்துக்கு அப்புறம் புகை வந்தால், எஞ்சின் வால்வு தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீலாகவும் இருக்கலாம். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அளந்துபார்:
இருக்கலாம். ஆனால் வால்வு சீல் விசில் அடிக்காது, பி0171-உம் போடாது. வைகைக்கரை, ஐடிலில் வண்டியை விட்டு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக இழுப்பது சரிதான். கழற்றவே முடியாமல் பிடித்து இழுத்து, திறந்த நொடியில் விசில் நின்றால் டயாஃப்ரம்தான்.

மேலூர் டீசல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது டீசல். புகை என்று டர்போவை மாற்றினார்கள், புது டர்போவும் புகைத்தது. கடைசியில் பார்த்தால், கிராங்க்கேஸ் வாயு வெளியேறும் பிரீதரில் ஆயிலைப் பிரித்தெடுக்கும் செபரேட்டர் கரி பிடித்து அடைத்திருந்தது. டர்போவுக்குள் இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி இரும்பு வளையம். டர்போவுக்குள் போன ஆயில் ரிட்டர்ன் குழாயில் தானாகவே அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்கு வடிய வேண்டும். கிராங்க்கேஸில் அழுத்தம் கூடினால் வடியாது, வளையத்தைத் தாண்டி வெளியேறும். நல்ல டர்போவும் கெட்ட பெயர் வாங்கும்.

பட்டறைப்பாண்டி:
மேலூர்ப் பக்கம் குவாரித் தூசி. ஏர் ஃபில்டரைக் கவனிக்காத வண்டிகளில் ரிங் தேய்ந்துதான் அழுத்தம் வரும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் தலைகீழாக வைத்தால் துள்ளி விழும், அதிலேயே ரிங் கதை தெரிந்துவிடும்.

அளந்துபார்:
மூடி துள்ளுவதை வைத்து ரிங்கைக் குறை சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது வரும் துடிப்புக்கே டீசலில் மூடி ஆடும். அளந்தால்தான் பேச முடியும். கொத்தனார் மட்டம் பார்க்கும் ட்யூப் போதும். பாதித் தண்ணீர் ஊற்றி வளைத்துக் கட்டி, ஒரு முனையை ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் போகாமல் சொருகுங்கள். இரண்டு பக்கமும் 10 செ.மீ வித்தியாசம் என்றால் சுமார் 10 மில்லிபார். பூஸ்ட் கேஜில் இவ்வளவு சின்ன அழுத்தம் தெரியாது.

டீசலில் பிரீதர் ஹோஸைக் கழற்றி வெளியே விட்டு மறுபடி அளங்கள். அழுத்தம் விழுந்தால் அடைப்பு பிரீதரில். விழாமல் அப்படியே நின்றால் பாண்டி அண்ணன் சொல்கிற ரிங்கைத் தேடலாம். டயாஃப்ரம் கிழிந்த பெட்ரோல் வண்டியில் மட்டும் ட்யூபை மாட்ட வேண்டாம். அரை பார் வெற்றிடம் தண்ணீரை 5 மீட்டர் உயரத்துக்கு இழுக்கும், நேராக எஞ்சினுக்குள் போய்விடும்.

மாடக்குளம் டர்போ:
எதற்கு இவ்வளவு? கிராங்க்கேஸ் வாயு போகும் வழியில் ஆயிலைப் பிடிக்கும் கேட்ச் கேன் ஒன்று போட்டால் ஆயில் எல்லாம் அதிலேயே நின்றுவிடும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் இன்டேக் வால்வைக் கழுவாது, கரி படியும். கேன் போட்டால் அதுவும் குறையும்.

அளந்துபார்:
கரி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் கிழிந்த டயாஃப்ரத்தைக் கேன் எப்படித் தைக்கும்? அதிலும் மேலே ஃபில்டர் வைத்து வாயுவை வெளியே விடும் கேன் வேண்டவே வேண்டாம். கிராங்க்கேஸ் வாயு வெளியே போகக்கூடாது என்பது வண்டிப் புகைக்கான பிஎஸ் (பாரத் ஸ்டேஜ்) விதியிலேயே இருக்கிறது. ஏசி போட்டால் நாற்றம் கேபினுக்குள்ளும் வரும்.

மேலூர் டீசல்:
டீசலில் கேன் போட்டு வடிக்க மறந்தால் இன்னும் ஆபத்து. நிறைந்த ஆயில் மொத்தமாக உள்ளே போனால் எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

மாடக்குளம் டர்போ:
மறப்பவர்களுக்கு ஆயில் மாற்றுவதும்தான் மறக்கும். அதற்குக் கேன் என்ன செய்யும்?

வைகைக்கரை:
இப்போதுதான் பார்த்தேன். மூடியை இரண்டு கையால் இழுக்க வேண்டியிருந்தது. திறந்ததும் விசில் நின்றது, வண்டி உதறியது. கடையில் கேட்டால் வால்வு கவரோடு முழு செட் என்கிறார்கள். டயாஃப்ரம் ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கிறதாம், விலையும் குறைவு.

பட்டறைப்பாண்டி:
அப்படியென்றால் டயாஃப்ரம்தான். ரப்பர் மட்டும் போதும் தம்பி, கவருக்கு ஏன் காசு?

அளந்துபார்:
இங்கேயும் எனக்கு மாற்றுக் கருத்துதான். ஒன்-வே வால்வும் அந்தக் கவரிலேயே இருந்தால் அதுவும் அதே வயசு. அது சரியாக மூடாமல் விட்டால் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் இறங்கி டிப்ஸ்டிக்கைத் தள்ளும், கிராங்க் சீலில் ஆயில் கசியும். வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் போனால் கவரோடு மாற்றுங்கள்.

பட்டறைப்பாண்டி:
ஊதிப் பார்க்கட்டும். அதோடு ஹோஸ் கழன்றிருக்கும்போதே டர்போ ஷாஃப்டையும் ஆட்டிப் பார் தம்பி. பக்கவாட்டில் இம்மி ஆடலாம். முன்னும் பின்னும் ஆடினால் நான் சொன்னதற்கு மறுபடி வரணும்.