இசிஜிஐ (உடம்பின் மேல் ஒட்டிய எலக்ட்ரோடுகளையும் சிடி ஸ்கேனையும் சேர்த்து இதயத்தின் மின் ஓட்டத்தைக் காட்டும்) படம் எங்கே கெடுகிறது? பார்த்தவர்கள் பகிருங்கள்

இபி லேப் (இதய மின்னோட்டப் பரிசோதனைக் கூடம்) டெக்னீஷியன்:
பெரும்பாலும் தோலில்தான். சாதாரண இசிஜிக்கு 10 எலக்ட்ரோடு, இதற்கு அணிவிக்கும் வெஸ்டில் (எலக்ட்ரோடு பதித்த மேலாடை) 252. மார்பு, முதுகு முடியை மழித்து, எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்து, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டணும். ஈரத்தோடு ஒட்டினால் அக்குள் பக்கப் பட்டைதான் முதலில் தூக்கும். திரையில் அந்த லைன் மட்டும் மூச்சோடு ஏறி இறங்கும், இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலில் கம்பளிப்பூச்சி மாதிரி தடித்துத் தெரியும். பெண்களுக்கு மார்பின் அடிமடிப்பையும் பாருங்க. கெட்ட சிக்னல் அங்கொன்று இங்கொன்று என்றால் நீக்கிவிடலாம். ஒரே பக்கத்தில் கூட்டமாகப் போனால் திரும்ப ஒட்டுவதுதான் வழி.

சிடி டெக்னீஷியன்:
வெஸ்டைக் கழற்றாமலே ஸ்கேன் எடுக்கணும். எலக்ட்ரோடுகளும் இதயமும் ஒரே படத்தில் இருந்தால்தான் இடைத்தூரம் கிடைக்கும். இதயத்துக்கு மட்டும் ஜூம் பண்ணும் பழக்கத்தில் எடுத்தால் விலா ஓர எலக்ட்ரோடுகள் வெட்டுப்பட்டுவிடும். இன்னொன்று: கையைத் தலைக்கு மேல் தூக்கி, மூச்சை நிறைய இழுத்துப் பிடித்து ஸ்கேன்; அப்புறம் கையை இறக்கி, சாதாரண மூச்சில் பதிவு என்றால் தப்பு. எலக்ட்ரோடும் நகர்ந்திருக்கும், இதயமும் இடம் மாறியிருக்கும்.

எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட் (இதய மின்னோட்ட மருத்துவர்):
மேலே இருவரும் சொன்னது ஏன் முக்கியமென்றால், அந்த வண்ணப் படம் போட்டோ இல்லை, கணக்கு. உடம்பின் மேல் அளந்த மின்னழுத்தத்திலிருந்து இதயத்தின் வெளிப்பரப்பில் என்ன நடந்திருக்கும் என்று பின்னோக்கிப் போகிறோம். இதில் கடுகளவு இரைச்சலும் பூதாகரமாகும். அதை அடக்கத்தான் டிக்கோனோவ் முறை போன்ற சீராக்கம் (இரைச்சலை மட்டுப்படுத்தும் கணிதம்). அது கூடினால் இரண்டு அலை ஒன்றாக மழுங்கும், குறைந்தால் இல்லாத அலை தோன்றும்.

பிவிசிக்கு (கீழறையில் முன்கூட்டியே பிறக்கும் கூடுதல் துடிப்பு) அப்படி ஒரு துடிப்பு பதிவானால் போதும். ஆனால் முந்தைய துடிப்பின் டி அலைமேல் (கீழறை மீளும்போது வரும் அலை) ஏறாத துடிப்பாக எடுங்க. இரு கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் பிறந்தால், அது வெளிப்பரப்பில் வெடித்து வரும் இடத்தைத்தான் காட்டும். ஊற்று என்று அதை நம்பிக் கதீட்டரை (ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் விடும் மெல்லிய குழாய்) கொண்டுபோனால் நேரம்தான் வீண். 2019இல் பிரான்ஸின் போர்டோ குழு இசிஜிஐயைக் கதீட்டரால் நேரடியாக எடுத்த மேப்போடு ஒப்பிட்டபோதும் அகலமான க்யூஆர்எஸ்ஸில் (இசிஜியில் கீழறை துடிப்பைக் காட்டும் கூர் அலை) ஓரளவு ஒத்துப்போனது, குறுகலானதில் பொருத்தம் மோசம்.

இபி லேப் டெக்னீஷியன்:
டாக்டர், படம் தப்பு என்று உடனே பிடிக்க ஏதாவது வழி?

எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட்:
அதே துடிப்பின் சாதாரண 12 லீட் இசிஜியைப் பக்கத்தில் வையுங்க. துடிப்பு பிறந்த இடம் வலது கீழறை வெளிப்பாதை (நுரையீரலுக்கு ரத்தம் போகும் வாசல்) என்று படம் சொல்கிறதா? இசிஜியில் க்யூஆர்எஸ் வி1 லீடில் பெரும்பாலும் கீழ்நோக்கியும், 2, 3, ஏவிஎஃப் என்ற மூன்று லீடிலும் நிமிர்ந்தும் இருக்கணும். இல்லையென்றால் எலக்ட்ரோடு வரிசை மாறியிருக்கா, சிடியில் இதயத்தின் எல்லை சரியாக வரைந்திருக்கா என்று முதலில் பாருங்க.